கார்டிகன் தேடுகிற குரூப்பில் ஒரு தீர்ப்பு

லண்டனில் என் மகள் படிக்கிற வகுப்பின் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமாக ஓடுவது மூன்றே விஷயம்தான். யாருடைய கார்டிகன் (பள்ளி ஸ்வெட்டர்) யார் வீட்டுக்குப் போனது, யார் தலையில் பேன், நாளைக்கு நீச்சல் வகுப்பு உண்டா இல்லையா. 2025 ஏப்ரல் 16, ஈஸ்டர் லீவு, சட்டப்படி பெண் என்றால் யார் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று மட்டும் சோறு வடிப்பதற்குள் நூறு மெசேஜ் தாண்டிவிட்டது.

2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் பிறப்பால், உடலால் பெண், பாலின மாற்றத்தைச் சட்டப்படி ஏற்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருந்தாலும் இது மாறாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். இதை ஒரு தரப்பின் வெற்றியாகப் பார்க்காதீர்கள், அதே சட்டத்தில் மாறிய பாலினத்தவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று நீதிபதி ஹாட்ஜ் பிரபு தீர்ப்பை வாசிக்கும்போதே சொன்னார். எங்கள் குரூப்பில் அது யார் காதிலும் ஏறவில்லை. 88 பக்கத் தீர்ப்பை யாரும் படித்த மாதிரியும் தெரியவில்லை (நானும் அன்று படிக்கவில்லை).

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போனில் விளக்கினேன். "அவங்களுக்குத்தான் திருநங்கைன்னு தனிப் பேர் இருக்கே, அப்புறம் என்ன சண்டை?" என்றாள். அந்தப் பேருக்குள்ளேயே நங்கை இருக்கிறாளே அம்மா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

குழந்தை வளர்க்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். 2000-ல் ஜஸ்டின் ராபர்ட்ஸ் தொடங்கிய மம்ஸ்நெட் என்கிற அம்மாக்களின் இணைய மன்றத்தில் இந்த விவாதத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக நானே அதைப் படித்திருக்கிறேன். டாக்டர் சான்று இல்லாமல் தானே அறிவித்துச் சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று 2018-ல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டபோது, ஆஸ்பத்திரி வார்டு, உடை மாற்றும் அறை, விளையாட்டு எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. பிரசவம் முடிந்து தையல் வலியோடு கிடக்கிறவளிடம் போய் உடம்பு ஒரு பொருட்டே இல்லை என்றால் அவளுக்குக் கோபம் வராதா? எனக்கும் வந்தது. வார்டு விஷயத்தில் நான் இன்னும் அப்படிக் கோபப்படுகிற அம்மாக்கள் பக்கம்தான்.

ஆனால் அதே ராத்திரியில் அதே பக்கங்களை, பாலின அடையாளக் குழப்பத்துக்கான கிளினிக் வரிசையில் பிள்ளையின் பேரைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற அம்மாவும் படித்துக்கொண்டிருப்பாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிகிச்சை பற்றி 2024-ல் வந்த குழந்தை மருத்துவர் ஹிலரி காஸின் அறிக்கை, பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான ஆதாரம் பலவீனமானது என்றது. இந்தப் பிள்ளைகளை இத்தனை நாள் காக்க வைப்பது தப்பு என்றும் சொன்னது. பாதி பேர் முதலாவதை மட்டும் ஃபார்வர்டு செய்கிறார்கள், மீதிப் பேர் அறிக்கையே வேண்டாம் என்கிறார்கள்.

அன்று ராத்திரி எட்டரைக்கு ஒருவர் குரூப்பை விட்டு வெளியேறினார். நான் அட்மின், அதனால் எனக்குத் தெரிந்தது. அவருடைய மூத்த பிள்ளை இப்போது வேறு பேரில் அழைக்கச் சொல்கிறது என்று முன்பு பள்ளி வாசலில் என்னிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார். நாள் முழுக்க ஒரு வரிகூட எழுதவில்லை, எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

நானும் அங்கே வார்டு பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். எடுத்துப் பார்த்தேன், அதில் 'இவங்களை எல்லாம்' என்று ஒரு வார்த்தை கிடந்தது. திருத்தலாமென்றால் நேரம் கடந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு யாரோ மறுபடி கார்டிகன் கேட்டார். துணி மடிக்கும்போது கிடைத்ததாம், பேர் எழுதவில்லையாம்.