கரி படிந்த வீட்டுக்குத் திரும்பியது

தீயணைப்பு வீரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "உள்ளே போகலாமா?" என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர் கையை நீட்டித் தடுத்தார். "அணைந்த மாதிரிதான் தெரியும் அம்மா. மெத்தைக்குள்ளே கங்கு உட்கார்ந்திருக்கும். காலை வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அன்று இரவு நானும் கணவரும் மகளும் அத்தையும் தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்திருந்தோம். உடுத்தியிருந்த துணியைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் மறுபடி படுத்துறங்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இன்று நிற்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மறுநாள் காலை தீயணைப்பு அலுவலர் ஒருவர் எங்களைக் கூடத்துக்குள் கூட்டிச் சென்றார். தீ எங்கே தொடங்கியது என்று கேட்டேன். அவர் அண்ணாந்து ஒரு பழைய குண்டு பல்பைக் காட்டினார். அதன் கண்ணாடி ஒரு பக்கமாகப் பிதுங்கி, மூக்கு நீட்டியதைப் போல இருந்தது. சூடு எந்தப் பக்கத்திலிருந்து முதலில் தாக்குகிறதோ, அந்தப் பக்கத்துக் கண்ணாடி இளகி, உள்ளிருக்கும் வாயு அழுத்தத்தால் அப்படிப் பிதுங்கும் என்று விளக்கினார். அந்த மூக்கு சோபாவுக்குப் பின்னால் இருந்த மூலையை நோக்கி நீண்டிருந்தது. அங்கேதான் சோபாவின் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த நீட்டிப்பு வயர் இருந்தது. எத்தனை நாள் அதைக் கண்ணால் பார்த்திருப்பேன்!

கூடம் முழுவதும் போய்விட்டது. சமையலறை பாதி. ஆனால் மகளின் அறைக் கதவு அன்று சாத்தியிருந்தது. கதவின் வெளிப்பக்கம் முழுக்கக் கருகி, சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. உள்ளே அவள் வரைந்து ஒட்டிய படங்கள்கூட நிறம் மாறவில்லை. பக்கத்திலேயே திறந்திருந்த எங்கள் அறைக்குள் தீ வரவில்லை, புகை மட்டும்தான் வந்தது. ஆனாலும் அங்கே மிஞ்சியது அதிகமில்லை. ஒரு சாதாரணப் பலகைக் கதவு இத்தனை செய்யும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இன்றுவரை நாங்கள் எல்லா அறைக் கதவையும் சாத்திவிட்டுத்தான் படுக்கிறோம்.

முதல் நாள் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கை சும்மா இருக்கவில்லை. ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தேன். புகைக்கரியில் எண்ணெய்ப் பசை உண்டு. நீர் பட்டதும் அது குழைந்து சுவருக்குள் இறங்கிவிட்டது. நான் துடைத்த இடம் மட்டும் கடைசிவரை கறையாகவே நின்று, அந்தக் காரையைச் செதுக்கியெடுக்க வேண்டியதாயிற்று. பிறகு துப்புரவு செய்ய வந்தவர்களிடமிருந்து முறையைக் கற்றேன். முதலில் நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால், முனை சுவரில் உரசாமல், தளர்ந்த கரியை இழுக்க வேண்டும். அடுத்து நீர் தொடாத ரப்பர் பஞ்சால் ஒரே திசையில் இழுத்து எடுக்க வேண்டும். பஞ்சின் முகம் கறுத்ததும் அந்தப் பக்கத்தை வெட்டியெறிந்துவிட்டுத் தொடர வேண்டும். அதற்குப் பிறகே சோப்பு நீர். அதையும் கீழிருந்து மேலாகத் துடைக்கிறார்கள். மேலிருந்து தொடங்கினால் கறுப்பு நீர் உலர்ந்த சுவரில் வழிந்து கோடு போட்டுவிடும், அந்தக் கோடு போகாது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் ஒரு நாள்கூட உள்ளே நிற்காதீர்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் போடாதீர்கள். படிந்த கரி வீடு முழுக்கப் பறக்கும்.

அவசரம் காட்ட வேண்டிய இடம் வேறு. தீயை அணைத்த நீர் தரை விரிப்பிலும் மரச்சாமானிலும் ஊறிக் கிடந்தது. ஈரம் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சன்னல்களைத் திறந்து, ஈரமானவற்றை வெளியே இழுத்துப் போட்டோம். ஆனால் எதையும் குப்பைக்கு அனுப்பவில்லை. காப்பீட்டு சர்வேயர் பார்க்கும்வரை கருகிய நாற்காலிக் காலும் சான்றுதான். விதிவிலக்காக, சூடும் புகையும் பட்ட உணவையும் மருந்தையும் படம் எடுத்துக்கொண்டு உடனே அகற்றினோம். மூடியிருந்த டப்பாவாக இருந்தாலும் உள்ளே கெட்டிருக்கலாம்.

பட்டியல் எழுதியதுதான் எனக்கு மிகக் கடினமான வேலை. இல்லாத வீட்டுக்குள் மனத்தால் நடந்து, ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, உள்ளே என்ன இருந்தது, எப்போது வாங்கியது என்று எழுத வேண்டும். ரசீதுகள் எரிந்துவிட்டன. உறவினர்களின் கைப்பேசியில் இருந்த பிறந்தநாள் படங்கள் கைகொடுத்தன. மகள் மெழுகுவத்தியை ஊதும் படத்தில், அவளுக்குப் பின்னால் அலமாரியும் தையல் இயந்திரமும் தெளிவாகத் தெரிந்தன. காப்பீட்டு நிறுவனத்தோடு நடந்த இழுபறி பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. இரண்டு செய்தி போதும். வீட்டுப் பொருளின் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் காப்பீடு எடுத்திருந்தால், பல பாலிசிகளில் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். எங்களுக்கு அதுதான் நடந்தது. மற்றொன்று, மாற்று வீட்டு வாடகை எங்கள் பாலிசியிலேயே இருந்தது. முதல் மாதம் முழுக்க அது எங்களுக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவுமில்லை. பாலிசியின் கடைசிப் பக்கம்வரை படியுங்கள்.

கட்டடப் பொறியாளர் வந்த நாளில் பயந்துகொண்டே நின்றேன். கூடத்து மூலையில் மேல்தளத்தின் காரை பெயர்ந்து, கான்கிரீட் வெளியே தெரிந்தது. அது இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. பல வகைக் கற்கள் கலந்த கான்கிரீட் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த நிறம் ஏறும், அங்கிருந்துதான் வலுவும் கணிசமாகக் குறையத் தொடங்கும் என்றார் அவர். உள்ளிருக்கும் கம்பி 600 டிகிரியை நெருங்கினால் ஏறக்குறையப் பாதி வலுவை இழந்துவிடுமாம். சுத்தியலால் தட்டித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நகர்ந்தார். நல்ல இடம் கணீரென்றது, கெட்ட இடம் பொத்தென்றது. கடைசியில் சிறிது செதுக்கிப் பார்த்து, சிவப்பு நிறம் உள்ளிருக்கும் கம்பி வரை போகவில்லை, செதுக்கிப் பூசினால் போதும் என்றார். மேல்தளம் தப்பியது. அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

தீ தொடாத பொருட்கள் பின்னால் செத்ததுதான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. பளபளவென்றிருந்த குழாய்கள் நான்கே நாளில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தன. வயரின் மேலுறையான பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவருகிறது. அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். எங்கள் அறையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் அது படிந்திருந்தது. நல்லவேளையாக எலக்ட்ரீசியன் எதற்கும் மின்சாரம் கொடுக்கவிடவில்லை. வீடு முழுக்கப் பழைய வயரை உருவிவிட்டுப் புதிதாக இழுத்தார்.

ஒப்பந்தக்காரர் ஒருவர், சுவரில் உடனே பெயின்ட் அடித்து ஒரே வாரத்தில் குடிபுக வைப்பதாகச் சொன்னார். வாடகை வீட்டில் களைத்துப்போயிருந்த நாங்கள் சம்மதித்து, ஓர் அறையை ஒப்படைத்தோம். பத்தாவது நாள் வெள்ளைச் சுவரில் பழுப்புக் கறை பூத்தது, கருகல் நாற்றமும் திரும்பியது. கரியை முழுக்க எடுத்து, கறையையும் நாற்றத்தையும் உள்ளேயே அடைக்கும் பிரைமரைப் பூசிய பின்புதான் பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த அறையை மறுபடி முதலிலிருந்து செய்தோம்.

ஆல்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை நாங்கள் இழுத்துப் பிரிக்கவில்லை. குளிர்ந்த சுத்தமான நீரில் மிதக்கவிட்டால் பல படங்கள் தாமாகவே விலகின. நேரமில்லாதபோது மீதியை உறையில் போட்டு உறைபெட்டியில் வைத்தோம். உறைந்தால் பூஞ்சணம் வளராது. வாரம் சிலவாக எடுத்துப் பிரித்தோம். மாமனாரின் ஒரே படத்தில் ஓரம் கரைந்துவிட்டது, முகம் நின்றது.

மகள் அந்த மாதங்களில் செருப்பைப் போட்டுக்கொண்டே உறங்கினாள். கழற்றச் சொல்லவில்லை. வீடு திரும்புவதற்கு முன்பே வாரம் ஒருமுறை அவளைக் கூட்டிச்சென்று, என்ன மாறியிருக்கிறது என்று காட்டினோம். புகையுணர்வியை எங்கே பொருத்துவது என்று அவளே இடம் சொன்னாள். பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்து, எல்லோரும் வெளியே ஓடி வாசல் கேட்டருகே நிற்கப் பழகினோம். திரும்பிய மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் அவள் கட்டிலடியில் செருப்பு கிடந்தது.

ஈரக்காற்று வீசும் நாட்களில் பரணின் ஒரு மூலையிலிருந்து அந்தக் கருகல் வாசம் இன்னும் மெல்ல எழுகிறது. இரவானால் மகள் எழுந்து என்னிடம் வருவாள். இருவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவிட்சுகளைத் தொட்டுப் பார்க்கிறோம், சோபாவுக்குப் பின்னால் குனிந்து பார்க்கிறோம். பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டுப் படுக்கப் போகிறோம்.