காற்று நின்ற ஒன்றரை மணி நேரம்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. முகப்பில் நின்று, "இந்தத் தூண் பர்மாத் தேக்கு, தரையில் கிடப்பது இத்தாலி மார்பிள்" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் கடல் தாண்டி வந்தவை. சொல்லும் நான் அதுவரை படகில் ஏறியதில்லை.

ஒரு பங்குனியில், வெளிநாட்டில் இருக்கும் நகரத்தார் குடும்பம் ஒன்று எண்பத்தைந்து வயது ஆச்சியோடு வந்து தங்கியது. ராமேஸ்வரம் தீவைச் சுற்றி ஒருநாள் பாய்மரப் படகில் போகவேண்டும், தங்களுக்கு மட்டும் தனிப் படகு என்றார்கள். சரியென்று வாக்குக் கொடுத்த பிறகுதான் படகுக்கார அண்ணனுக்குப் போன் செய்தேன். அது என் தவறு.

"தீவைச் சுத்தவா? யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க தம்பி?"

மேற்கே பாம்பன் பாலம். கிழக்கே தனுஷ்கோடி அரிச்சல்முனையைத் தாண்டினால் இலங்கை எல்லை பக்கம். தெற்கே மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்த இடத்தில் இறங்க முடியாது. காற்று வேறு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகரையோரம் தணிந்து கிடக்கும். வாடை வந்தால் நேர்மாறு. ஓலைக்குடாவிலிருந்து வில்லூண்டி தீர்த்தம் வரை வடகரையோரமாகப் போய்வரலாம் என்றார். குடும்பத்தாரிடம் உள்ளதைச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள்.

பாய் விரிந்ததும் எஞ்சினை நிறுத்தினார். பலகையில் தண்ணீர் உரசும் சத்தம் மட்டும். தூரத்தில் கோயில் கோபுரம். பத்து மணி வாக்கில் காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. பிள்ளைகள் வெயிலில் நெளிந்தார்கள். எஞ்சினைப் போடச் சொல்ல வாயெடுத்தேன்.

"இருக்கட்டும்ப்பா" என்றார் ஆச்சி. "எங்க ஐயாமாரெல்லாம் தோணியிலதான் போனாகளாம். காத்து நின்னா இப்படித்தான் கிடந்திருப்பாக."

கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். "எங்க அப்பச்சி கொழும்புக்குக் கொண்டுவிக்க, யாவாரம் பார்க்கப் போனாக. மூணு வருசக் கணக்கு. காரைக்குடி ஸ்டேசனோட எங்களுக்குச் சரி. எங்க ஆத்தா இந்தத் தண்ணியை ஒருநாள்கூடப் பார்த்ததில்ல."

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒரு வரியைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. தலைமன்னார் எந்தப் பக்கம் என்று கேட்டார். அண்ணன் தென்கிழக்கே கைகாட்டினார். வெறும் தண்ணீர்தான். ஆச்சி கண்ணெடுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தோம். பிறகு கிழக்கிலிருந்து கொண்டல் காற்று மெல்ல எழுந்தது. வில்லூண்டி வரை போகாமலே திரும்பினோம்.

தூணையும் மார்பிளையும் காட்டிக்கொண்டிருந்த நான், அந்த வீட்டுக்குள் மூன்று மூன்று வருடமாகக் காத்திருந்த பெண்களைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது யார் வந்தாலும் முகப்பில் நிறுத்துவதில்லை. நேரே இரண்டாங்கட்டுக்கு அழைத்துப்போய், பெண்கள் புழங்கிய அந்த உள்முற்றத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன். படகுக்கு எழுதும் நேர அட்டவணையில் நடுவே இரண்டு மணி நேரத்தை வெறுமனே விட்டுவைக்கிறேன். அண்ணனுக்குப் போன் செய்தால் முதலில் அவர் கேட்பது, "அந்த ஆச்சி நல்லாருக்காகளா தம்பி?"