ஒரே வீட்டில் இரண்டாவது முறை

சித்திரை பிறந்துவிட்டால் வேலூரில் வீட்டுக்குள் படுத்து உறங்க முடியாது. சுற்றியுள்ள மலைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் ஊருக்குள் இறக்கும். மாடி உள்ளவர்கள் பாயையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில், கடந்த கோடையில், குடும்பமே மொட்டை மாடியில் உறங்கிக்கொண்டிருந்தபோது பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே புகுந்தவர்கள் பீரோவிலிருந்த நகையை எடுத்துச் சென்றார்கள். அதைவிட என்னை உலுக்கியது, ஆடி மாதத்தில் அதே வீட்டில், அதே பின்கதவு வழியாக மறுபடியும் திருட்டு நடந்ததுதான். "ஒரு தடவ வந்தவன் திரும்ப வரமாட்டான்னுதானே தம்பி எல்லாரும் சொன்னீங்க" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டார். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் பேச முடியாமல் நின்றேன்.

அந்தக் கேள்விதான் என்னை இது குறித்துத் தேடிப் படிக்க வைத்தது. நாங்கள் சொன்ன ஆறுதலுக்கு நேர்மாறானதே உண்மை: ஒருமுறை திருட்டுப்போன வீட்டுக்கு, அடுத்த சில வாரங்களில் மறுபடியும் திருடர் வரும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். உள்ளே நுழையும் வழியும் பொருள் இருக்கும் இடமும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டன. உடைந்த தாழ்ப்பாளை நாமோ ஒரு கம்பியைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ராச்டேல் நகரத்தில் கிர்க்கோல்ட் என்ற குடியிருப்பில் 1986இல் தொடங்கிய திட்டம் ஒன்று இந்த உண்மையையே அடிப்படையாகக் கொண்டது. குடியிருப்பு முழுவதையும் காவல் காக்க முயலாமல், திருட்டுப்போன வீட்டின் பூட்டையும் கதவையும் உடனே பலப்படுத்தினார்கள். திருடர்களை ஈர்த்த, நாணயம் போட்டு இயக்கும் மின்சார, எரிவாயு மீட்டர்களை அகற்றினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை மட்டும் அழைத்துச் சில வாரங்கள் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். ஓராண்டுக்குள் அங்கே வீட்டுத் திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை என்பதால்தான் நம்மைப் போன்ற நடுத்தர ஊர்களுக்கு இது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்த பேச்சு வேறு திசையில் இருந்தது. தெருமுனையில் இரும்புக் கேட் போட வேண்டும் என்றார் ஒருவர். எல்லா மூலையிலும் கேமரா வேண்டும் என்றார் இன்னொருவர். மாலையில் மைதானச் சுவரில் உட்காரும் பையன்களைக் காவல் துறையிடம் சொல்லி விரட்ட வேண்டும் என்றார் மற்றொருவர். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இதுவரை என்னென்ன, எங்கே, எந்த நேரத்தில் நடந்தன என்பதை முதலில் ஒரு தாளில் குறிப்போம் என்றேன். பழைய குடித்தனக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்து தெருப்படத்தைக் கையால் வரைந்து நினைவிலிருந்ததையெல்லாம் புள்ளி வைத்தபோது, ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் இரண்டு இடங்களில் வந்து விழுந்தன. ஒன்று, முட்புதர் மண்டிய காலி மனையை ஒட்டிய பின்சந்து. திருட்டுப்போன வீட்டின் பின்கதவு அந்தச் சந்தில்தான் திறக்கிறது. மற்றொன்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் அணுகுசாலையில் எங்கள் தெரு வந்து சேரும் மூலை. பைக்கில் வருகிறவன் ஒரு பெண்ணின் கழுத்தில் கைவைத்துச் சங்கிலியை அறுத்துவிட்டால், அடுத்த நொடியே சாலையில் ஏறி மறைந்துவிடக்கூடிய இடம் அது.

அந்த மூலையைப் பற்றி இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்பு அங்கே ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தார். இரவு பத்து மணிவரை அவருடைய விளக்கும் அடுப்பும் எரியும், நான்கு பேர் நின்று சாப்பிடுவார்கள், வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கிவரும் பெண்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எங்களில் சிலரே மனு கொடுத்து அந்த வண்டியை அகற்றச் செய்தோம். எங்கள் தாளில் அந்த மூலையில் விழுந்த சங்கிலிப் பறிப்புப் புள்ளிகள் அத்தனையும் அதற்குப் பிந்தியவை.

வெளிச்சத்தின் பயனை நியூயார்க் நகரம் 2016இல் சோதித்தே பார்த்தது. அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கூடுதல் விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். இரவில் வெளிப்புறங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் அங்கே சுமார் 36 விழுக்காடு குறைந்தன. எங்கள் பின்சந்தில் இருந்த இரண்டு விளக்குகளும் பல மாதங்களாக எரியவில்லை. "தெருவிளக்கு எரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லும் புகார்களுக்கு யாரும் வந்ததில்லை. கம்பத்தின் எண்ணைக் குறித்து, படம் எடுத்து, எழுத்தில் கொடுத்த பிறகு இரண்டும் எரிந்தன. காலி மனையின் உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் பிடித்துப் புதரை வெட்டவைக்க அதைவிட அதிக நாட்கள் ஆயின.

நான் மிகவும் வருந்துவது புகார் பதிவாகாமல் போவதைப் பற்றித்தான். எங்கள் தெருவில் முதல் திருட்டுக்குக் காவல் நிலையத்தில் கொடுத்தது, புகாரைப் பெற்றுக்கொண்டதைக் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே, வழக்குப் பதிவான முதல் தகவல் அறிக்கை இரண்டாவது திருட்டுக்குப் பிறகே வந்தது. பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் கூறிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, நிலையத்தில் மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பவும், அங்கும் தீராவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகவும் வழி சொல்கிறது. இது நகையை மீட்பதற்கான வழி மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். பதிவாகாத திருட்டு எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத சந்துக்கு ரோந்து வண்டி வருவதற்குக் காரணமே இருக்காது. எங்கள் தாளில் அடர்த்தியாகப் புள்ளி விழுந்த இடம், அதிகாரிகளின் பார்வையில் ஒன்றுமே நடக்காத இடமாக இருந்திருக்கிறது.

பையன்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஒரு கூட்டத்தைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்ட 1871ஆம் ஆண்டுச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1952இல்தான் நாடு முழுவதும் ஒழிந்தது. ஆனால் வசிக்கும் பேட்டையையும் சட்டையையும் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. சுவரில் உட்காரும் அந்தப் பையன்களில் இரண்டு பேர் பள்ளியை விட்டவர்கள். ஒருமுறை நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட பையனைப் பட்டறையிலும் கடையிலும் சேர்த்துக்கொள்ள யோசிக்கிறார்கள். அதன் பிறகு அவனைச் சேர்த்துக்கொள்பவன் கஞ்சாப் பொட்டலம் கைமாற்றுபவனாக இருந்தால் அதில் நமக்கும் பங்குண்டு. தமிழகக் காவல் துறையே சிறுவர் சிறுமியர் மன்றங்களை நடத்துகிறது. 1993இல் இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற காவல் அதிகாரி, பொதுமக்கள் காவலர்களுக்குத் துணை நிற்பதற்காகத் தொடங்கிய காவலர் நண்பர்கள் இயக்கமும் தமிழ்நாட்டில் பிறந்ததுதான். விரட்டச் சொல்லி மனு எழுதும் கையால், அப்படி ஒரு மன்றத்தை எங்கள் பகுதிக்கும் கேட்டு எழுதலாம் என்று நான் சொன்னபோது கூட்டத்தில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேமராவை நான் எதிர்க்கவில்லை. அணுகுசாலை மூலையில் வண்டி எண் தெரியும்படி ஒன்று வைத்தோம். அதன் பதிவு ஓடுகிறதா என்று வாரந்தோறும் பார்க்க ஒருவர் பொறுப்பேற்ற பிறகே பணத்தைக் கொடுத்தோம். வெளியூர் போகிறவர்கள் பூட்டிய வீட்டின் விவரத்தை நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடைசி வீட்டுப் பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்கே இரும்புப் பட்டை போட்டிருக்கிறோம். அதைச் சுற்றியுள்ள ஐந்து வீட்டாரின் தொலைபேசி எண்கள் அந்த அம்மாளின் சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கின்றன.

இட்லிக் கடை அக்கா மட்டும் இன்னும் திரும்பவில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுதான் விற்பனைச் சான்று வழங்க வேண்டும். அன்று அகற்றச் சொல்லிக் கையெழுத்திட்டவர்களில் ஏழு பேர், வண்டியை அதே மூலையில், சாலையிலிருந்து நான்கடி உள்ளே தள்ளி அனுமதிக்கும்படி கேட்கும் மனுவில் இப்போது கையெழுத்திட்டிருக்கிறார்கள். வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அதைக் கொடுக்கப் போகிறோம்.