வயலினா, புல்லாங்குழலா?

விஜயதசமி நெருங்கிவிட்டால் பள்ளிக்கூட வாசலிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். "டீச்சர், பிள்ளைய வயலின்ல சேக்கலாமா, புல்லாங்குழல்ல சேக்கலாமா? எது சுலுவு?"

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வேலைக்கு வந்த பிறகுதான் வயலின் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அண்ணன் மகன் புல்லாங்குழல். ஒரே வீட்டில் இரண்டு வாத்தியமும் பழகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரண்டுமே சுலபம் இல்லை, கஷ்டம் மட்டும் வேறு வேறு. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ரி என்ற ஸ்வரம் வந்துவிடும். வயலினில் அந்த ரியை விரல் தேட வேண்டும். குழலில் மூச்சும் உதடும் சேர்ந்து தேட வேண்டும். இதில் எந்தத் தேடலைத் தினமும் சலிக்காமல் செய்ய உங்கள் பிள்ளையால் முடியும்? அதை மட்டும் பாருங்கள்.

வயலினில் முதல் நாளே சத்தம் வந்துவிடும், அது இனிமையாக இருக்காது, அவ்வளவுதான். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்கால் மேல் வைத்து, மறுமுனையை இடது தோளுக்கும் மார்புக்கும் இடையில் கொடுத்து, ச, ப, ச, ப என்று சுருதி கூட்டிய நான்கு தந்திகளையும் வில்லால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வில் நேராகப் போகிற வரை இடது கைக்கு வேலையே கிடையாது. பிள்ளைகள் சலித்துப்போவது இங்கேதான். அதைத் தாண்டினால் விரல் வைக்கும் கட்டம். வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்ட 24 மெட்டுகள், அதாவது குறுக்குக் கட்டைகள், இருக்கின்றன, கண்ணால் பார்த்து விரல் வைக்கலாம். வயலினில் மெட்டே இல்லை. மயிரிழை தள்ளினால் அபஸ்வரம், அதைச் சொல்லக் காதைத் தவிர வேறு யாரும் கிடையாது. அதனால்தான் பாடத் தெரிந்த பிள்ளை என்றால் யோசிக்காமல் வயலின் என்கிறேன். காதில் சரியான ஸ்வரம் ஏற்கெனவே இருந்தால் விரல் அதைத் தேடிப் போய்விடும். பாட்டுக்கு இவ்வளவு நெருங்கி வருவதால்தான் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வந்த இந்த மேல்நாட்டு வாத்தியம் நம்முடையதாகவே ஆகிவிட்டது. இசையிலும் நாட்டியத்திலும் பெயர்பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தது 1834இல். அந்தக் கதையை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லாத வருடமே இல்லை.

குழலில் நேர் எதிர். முதல் நாள் வெறும் காற்றுதான் வரும். ஊதுதுளையின் எதிர் விளிம்பில் காற்று சரியான சாய்வில் மோதினால்தான் நாதம் பிறக்கும். வேகமாக ஊதி ஊதித் தலை சுற்றும், அப்போது நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். நாதம் பிடிபட்டதும் முதல் இரண்டு துளைகளை மூடினால் ச. அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் வயலினைவிட வேகமாகப் போகலாம். ஆனால் நாம் பாடத்தை வழக்கமாகத் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் ரியே பாதித் துளை. துளையை விரலால் அரைகுறையாக மூடி அதைக் கொண்டுவர வேண்டும். சில ஆசிரியர்கள் குழலுக்கு மட்டும் ஹரிகாம்போதி ராகத்தில் ஆரம்பிப்பது இதனால்தான். மேல் ஸ்தாயிக்கு விரல் பெரிதாக மாறாது, உதட்டைக் குவித்துக் காற்றை மெலிதாக்க வேண்டும். "அத்தை, மேல் ச வந்துருச்சு!" என்று என் மருமகன் ஓடிவந்த நாளில் வீடே சிரித்தது. குழலில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது என்று யாராவது சொன்னால் புல்லாங்குழல் மேதை மாலியின் (டி.ஆர். மகாலிங்கம்) பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். 1926 முதல் 1986 வரை வாழ்ந்த அந்த மனிதர் குழலைப் பாடவே வைத்துவிட்டார்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது: காற்று. மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் வயலினின் பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் திருகு, நிற்காது, கூட்டிய சுருதி கீர்த்தனை முடிவதற்குள் இறங்கிவிடும். பிரடையில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தேய்ப்பேன். மழைக்காலத்தில் அதே பிரடை ஊதிப்போய்த் திருகவே வராது. வில்லை எந்தக் காலத்திலும் வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும். குழலுக்கு இந்தக் காற்றில் ஆபத்து இன்னும் அதிகம், மூங்கில் விரிசல் விட்டுவிடும். அங்கங்கே நூல் சுற்றிய குழலாக வாங்கி, லேசாக எண்ணெய் தடவி, துணிப்பைக்குள் வைத்தால் தப்பிக்கலாம். விரிசல் விட்டால்கூட நல்ல குழல் சில நூறு ரூபாயில் கிடைக்கும். வயலினுக்குச் சில ஆயிரமாவது வேண்டும். ஆனால் ஒரு குழலுக்கு ஒரு சுருதிதான், வேறு சுருதி வேண்டுமென்றால் வேறு குழல். வயலினைத் திருகிக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்பதையும் பாருங்கள். பாலக்காட்டில் செம்பை பாகவதர் பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். போன் வழியாகக் கற்பதென்றால் நான் குழலுக்குத்தான் ஒப்புவேன். வில் பிடிக்கும் கையை ஆசிரியர் தொட்டுத் திருத்த வேண்டும், திரையில் அது நடக்காது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவக் கணக்கு. எந்த வாத்தியத்துக்குப் போட்டி குறைவு, எதில் கிரேஸ் மார்க் (பரிசுக்காகத் தேர்வில் தரும் கூடுதல் மதிப்பெண்) எளிது என்று பார்த்து வாங்குகிறார்கள். அப்படி வாங்கியது பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைக்கு இசை பிடிக்குமா என்று யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

போன வாரம் ஒரு அம்மா ஆறு வயது மகளைக் கூட்டிவந்தார். குழல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அந்தக் குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. "இப்ப காத்து நிக்காதுங்க, விரலும் துளையை முழுசா மூடாது. வயலின்னா சின்ன அளவுல கிடைக்கும், ஆனா அவ கேக்கறது அது இல்லையே. பல் முளைக்கிற வரைக்கும் பாட்டு வகுப்புல ஆரம்பப் பாடமான சரளி வரிசை பாடட்டும். அப்பவும் குழல்தான்னு சொன்னா, அஞ்சு கட்டை சுருதியில சின்னக் குழல் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றேன். அந்தக் குழந்தைக்கு நிச்சயம் குழல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.