பந்து கையில் இல்லாத வேலை

"பந்து கேக்கவே வாய் வரல மாஸ்டர்."

காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நான் பயிற்சி கொடுத்த பையன் சொன்னது இவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு சென்னையில் பாஸ்கெட்பால் ட்ரையல்ஸ் முடித்துவிட்டு அப்போதுதான் ரயிலிலிருந்து இறங்கியிருந்தான். "அடுத்த வாட்டி கூச்சப்படாம கேளுடா" என்றேன். நாலு வருஷமாக அவனிடம் நான் சொல்லி வந்ததற்கு நேர் எதிரான பேச்சு அது. அவனுக்கும் தெரியாமலா இருக்கும்? டீ கிளாஸைப் பார்த்தபடியே சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது அவனுக்குத் தோள் அகலம், கை மந்தம். பாயிண்ட் அடிக்க அணியில் வேறொரு பையன் இருந்தான். அதனால் இவனுக்கு வேறு வேலை கொடுத்தேன். ஸ்க்ரீன் போடு, அதாவது நம் ஆளைத் துரத்துபவன் வழியில் சுவர் மாதிரி நில். பாக்ஸ் அவுட் பண்ணு, அதாவது எதிராளியை முதுகால் மறித்து ரிங்கிலிருந்து தள்ளி வை. பந்து வந்தால் ரெண்டு செகண்டில் கைமாற்று. முறைத்தான். அப்போது அவனுக்குச் சொன்ன கதைகள் எனக்கே பிடித்தவை. ராபர்ட் ஹோரி நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூட தேர்வானதில்லை. ஆனால் 3 அணிகளில் சேர்ந்து, அமெரிக்காவின் பெரிய லீகான என்.பி.ஏ.வில் 7 பட்டம். 1997 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் ஸ்கோர் 86-86. நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானை ரெண்டு பேர் மறித்ததும் பந்து அவர் அணியின் ஸ்டீவ் கெர் கைக்கு வந்தது. 5 வினாடி மிச்சம் இருக்கும்போது உள்ளே போட்டார். ஷேன் பாட்டியே என்றொரு ஆட்டக்காரர், பெரிய ஸ்கோரர் இல்லை. எதிரணி நட்சத்திரத்தை, அவருக்குப் பிடிக்காத இடத்திலிருந்து ஷாட் அடிக்க வைப்பதுதான் அவர் பிழைப்பு. "இவங்கள்லாம் சம்பளம் வாங்கலையாடா?" என்று கேட்டேன். கதை வேலை செய்தது.

கதையில் பாதியை நான் விட்டுவிட்டேன் என்பது பின்னால்தான் உறைத்தது. ஷேன் பாட்டியே 2001இல் டியூக் பல்கலைக்கழகம் பட்டம் வென்றபோது அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர். அதே வருஷம் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாவதாக எடுக்கப்பட்டார். கெர் கல்லூரிக் கடைசி வருஷத்தில் தூரத்திலிருந்து அடிக்கும் மூன்று பாயிண்ட் ஷாட்டுகளில் பாதிக்கு மேல் உள்ளே போட்டவர். அதாவது, தன்னால் அடிக்க முடியும் என்று முதலில் காட்டிவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு சின்ன வேலைக்கு ஒத்துக்கொண்டவர்கள். நான் இந்தப் பையனை வாசலுக்கு வரும் முன்பே சின்ன வேலைக்குப் பழக்கிவிட்டேன்.

அப்படியானால் நான் செய்தது தப்பா? அதையும் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அணி மாவட்ட இறுதிப்போட்டி வரை போனதே அவனால்தான். அரையிறுதியில் எதிரணியின் நல்ல ஆட்டக்காரன் 5 ஃபவுல் ஆகி வெளியே போனானே, அதில் மூன்று இவன் நெஞ்சைக் கொடுத்து வாங்கிய சார்ஜ், அதாவது வந்து மோதியவன் மேல் விழும் ஃபவுல். அமெரிக்காவில் மரத் தரை, விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகும். நம்முடையது சிமெண்ட் கோர்ட். அதுவும் வேலூர் வெயிலில் காய்ந்த சிமெண்ட். விழுந்த இடத்தில் தோல் இருக்காது. அவன் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறுவதற்கு முன் அவன் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் கிரவுண்டுக்கே வந்து, "இன்னா சார், இவன் மட்டும் எப்பவும் கீயே வுழுந்துனே கீறான்?" என்று கேட்டார். "அதாம்மா அவன் வேலை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நம் ஊர் ஸ்கோர் ஷீட்டில் பாயிண்ட்டும் ஃபவுலும்தான் இருக்கும். உள்ளே போகாத பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கே கட்டம் கிடையாது. ஸ்க்ரீனுக்கு எங்கே போவது? என்.பி.ஏ.வில் ஒருவன் களத்தில் நிற்கும்போது அணி எத்தனை முன்னே போனது, எத்தனை பின்னே வந்தது என்று பிளஸ்-மைனஸ் கணக்கு உண்டு. இங்கே அவன் வாங்கிய சார்ஜுக்கு எழுத்தில் ஒரே சாட்சி, எதிரணிப் பையன் பெயருக்கு நேரே விழுந்த ஃபவுல் குறி. இவன் பெயருக்கு நேரே வெறும் கட்டம்.

ட்ரையல்ஸில் நடந்ததை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முன்பின் தெரியாத அஞ்சு பேரை ஓர் அணி என்று சேர்த்து 10 நிமிஷம் ஆடவிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் வேலை வேண்டும். யார் பந்தைக் கொடுப்பான்? இவன் மூணு தடவை ஸ்க்ரீன் போட்டிருக்கிறான். பந்து வைத்திருப்பவன் இவன் தோளை உரசிக்கொண்டு போனால்தான் அது ஸ்க்ரீன். அவன் மறுபக்கமாகப் போனால், நடுக்கோர்ட்டில் சும்மா நிற்கும் ஆள்தானே! மூணு தடவையும் மறுபக்கமாகவே போயிருக்கிறான். தேர்வாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 10 நிமிஷத்தில் அவர்களும் என்னத்தைப் பார்ப்பார்கள்? நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இவனை எடுத்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அணியில் பாயிண்ட் அடித்த அந்த இன்னொரு பையனுக்குக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், இப்போது வேலையும் கிடைத்துவிட்டது. அவன் போட்ட பாயிண்ட்டில் பாதி இவன் ஸ்க்ரீனில் வந்தது. அவன் ஊருக்கு வந்தால் ஸ்வீட் பாக்ஸோடு என்னைத்தான் பார்க்க வருவான். இவன் வீட்டுக்குப் போனானா என்று நான் கேட்டதில்லை.

இவனுக்குப் பொருத்தமான வேலையைத்தான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ராத்திரி படுத்தால், கோப்பைக்குப் பொருத்தமான வேலையைக் கொடுத்தேனோ என்று தோன்றுகிறது. ரெண்டும் ஒன்றாகவே இருந்ததாக அப்போது நம்பினேன். மாலையில் ஒரு அரை மணி நேரம் இவனைத் தனியாக ஷாட் அடிக்கவிட்டிருந்தால் அணி ஒன்றும் கெட்டிருக்காது. ஏனோ செய்யவில்லை. நேரமில்லை என்பதெல்லாம் பொய்.

இந்த வருஷம் எட்டாவதில் ஒரு பையன் வந்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஆளை முதுகால் தள்ளி ரீபவுண்ட் எடுக்கிறான். முதல் ஒரு மாசம் அவனுக்கு ஷூட்டிங் தவிர வேறெதுவும் இல்லை என்று முடிவு பண்ணி, தினமும் 100 ஷாட் அடிக்கவைத்தேன். போன சனிக்கிழமை மேட்ச். 1 பாயிண்ட் பின்தங்கி இருந்தோம், கடைசி நிமிஷம். பந்து அவன் கையில், எதிரே ஆள் இல்லை.

"கொடுத்துட்டு ஸ்க்ரீன் போடுடா" என்று கத்தினேன். கொடுத்தான். ஜெயித்தோம்.