சிப்பை வடிவமைக்கிறோம், சொந்தமாக்கிக்கொள்வது எப்போது?

பெங்களூரில் சிப் வெரிஃபிகேஷன் வேலையில் இருக்கிறேன். சிப் தயாரிப்புக்குப் போகும் முன் அதன் வடிவமைப்பில் இருக்கும் பிழைகளைப் பிடிக்க வேண்டும். டேப் அவுட், அதாவது முடிந்த வடிவமைப்பை ஆலைக்கு அனுப்பும் நாள், நெருங்கினால் இரவெல்லாம் சிமுலேஷன் ஓடும். காலையில் வந்ததும் எந்த டெஸ்ட் ஃபெயில் ஆகியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். ஒரு பிழை தப்பிப்போனாலும், சிப்பை அச்சிடப் பயன்படும் மாஸ்க் என்ற அச்சுத் தகட்டைத் திரும்பப் போட வேண்டிவரலாம். செலவு கோடிகளில், தாமதம் மாதக்கணக்கில்.

உலகின் சிப் வடிவமைப்புப் பொறியாளர்களில் சுமார் 20 சதவீதம் பேர் இந்தியாவில்தான் இருக்கிறோம். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தபோது தொடங்கிய பயணம் இது. ஆனால் எந்த சிப்பைச் செய்வது என்ற முடிவும், அதன் காப்புரிமையும், லாபமும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தலைமையகத்தில்தான். இந்தியா தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே வழிகாட்டுமா என்ற பேச்சு வந்தால் எனக்கு இதுதான் உறுத்தும்.

திறமைக்குக் குறைவில்லை. யுபிஐ-யும் சந்திரயான்-3-ம் போதும், அதைச் சொல்ல. குறை ஆராய்ச்சிக்குப் போடும் பணத்தில். நாம் செலவிடுவது ஜிடிபி-யில் சுமார் 0.64 சதவீதம், தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அங்கே முக்கால் பங்குக்கு மேல் கம்பெனிகள் போடும் பணம். இங்கே பெரும்பங்கு அரசுடையது. நம் பெரிய கம்பெனிகள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மொஹாலியில் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-லேயே சிப் தயாரித்தது. இன்று உலகின் மிகப் பெரிய ஒப்பந்த சிப் தயாரிப்பாளரான தைவானின் டிஎஸ்எம்சி தொடங்கியதே 1987-ல்தான். 1989-ல் மொஹாலி ஆலை தீயில் எரிந்தது. தீயை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எரிந்ததைக் கட்டியெழுப்பி, தலைமுறைக்குத் தலைமுறை விடாமல் பணம் போட நமக்கு மனம் வரவில்லை.

இப்போது குஜராத்தின் தோலேராவில் டாடாவும் தைவானின் சிப் நிறுவனமான பிஎஸ்எம்சி-யும் சேர்ந்து 91,000 கோடி ரூபாய் சிப் ஆலைத் திட்டத்தில் இறங்கியிருக்கின்றன. அங்கே வரும் 28 நானோமீட்டர் தொழில்நுட்பம் பழசாயிற்றே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். காருக்கும் மின்கருவிக்கும் வேண்டிய சிப்களுக்கு அது தாராளம். தொழில் பழகவும் அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

சரி, ஆலை வந்துவிடும். அதில் யாருடைய சிப் ஓடும்? ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி பிராசசர் மாதிரி முயற்சிகளுக்கு வேண்டியது பாராட்டு விழா இல்லை, முதல் ஆர்டர். 25 கோடி ஸ்மார்ட் மின் மீட்டர் பொருத்த அரசே இலக்கு வைத்திருக்கிறது. இனி வாங்கப்போகும் மீட்டர்களில் ஒரு பங்கையாவது இங்கேயே வடிவமைத்த, உரிமையும் இங்கேயே இருக்கும் சிப்களுக்கு ஒதுக்கட்டும். டெண்டரில் ஒரு ஷரத்து சேர்த்தால் போதும்.