பெல்ற் எங்கே கிடைக்கும் என்று கேட்ட பிறகு வாங்கிய கிறைண்டர்

நல்லூரில் எங்கள் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலைச் சிறிய பட்டறையாக மாற்றி ஒன்றரை வருடமாகிறது. பழைய வீடொன்றைப் பிரித்தபோது கிடைத்த பனஞ்சிலாகைகளில் கத்திப் பிடிகளும் சிறு தட்டுகளும் செய்வது என் பொழுதுபோக்கு. வைரம் பாய்ந்த பனை உளியின் வாயை எவ்வளவு விரைவில் மழுக்கிவிடும் என்பது அதில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் செதுக்கினால் பத்து நிமிடம் தீட்ட வேண்டியிருந்தது; பிடியின் வளைவுகளை அரத்தாளால் தேய்த்து முடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஆகவே தீட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் வேண்டிய இயந்திரங்களை 30,000 ரூபாவுக்குள் வாங்குவதென்று தீர்மானித்தேன்.

இரண்டு சனிக்கிழமைகள் ஸ்ரான்லி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் கடை கடையாக ஏறி இறங்குவதில் கழிந்தன. ஒரு பக்கம் 150 மி.மீ. தீட்டும் கல்லும் மறுபக்கம் மரம் தேய்க்கும் 50×686 மி.மீ. அரத்தாள் பெல்ற்றும் கொண்ட 250 வாற்று இணைப்பு இயந்திரமொன்று என் கண்ணில் பட்டது. ஒரே மோட்டர், மேசையில் ஓரிடம் போதும் என்ற எண்ணத்தில் காசு கொடுக்கவும் ஆயத்தமாகிவிட்டேன். அயலில் தச்சுவேலை செய்யும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அவர் மோட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “மிசினை ஆரும் விப்பினம் தம்பி. அதுக்குப் போடுற பெல்ற் ஆரிட்டை இருக்கெண்டு முதல் விசாரியும்” என்றார்.

விசாரித்தேன். நான் ஏறிய கடைகளில் 50×686 அளவு பெல்ற் ஒன்றுகூட இருக்கவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தரலாம் என்றார்கள். ஆனால் தச்சர்கள் கையில் பிடித்து ஓட்டும் பெல்ற் சாண்டருக்குரிய 75×533, 100×610 ஆகிய இரண்டு அளவுகளும் 60, 80, 120 தரங்களில் (எண் கூடினால் சொரசொரப்பு குறையும்) தாராளமாகத் தொங்கின. பனையில் ஒரு பெல்ற் நெடுநாள் நிற்காது என்பதால், என் தெரிவை இயந்திரத்தின் விலையைவிட இந்த விடயமே தீர்மானித்தது. இணைப்பு இயந்திரத்தைக் கைவிட்டு, 150 மி.மீ. மேசைக் கிறைண்டர் (தீட்டுக்கல் இயந்திரம்) ஒன்றையும் 75×533 கைச் சாண்டர் ஒன்றையும் தனித்தனியாக வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 29,000 ரூபாவுக்குச் சற்றுக் கூடுதலாக முடிந்தன.

தனித்தனியாக வாங்கியதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரும்பைத் தீட்டும்போது பறக்கும் தீப்பொறி மரத்தூளில் விழுந்தால் அது உள்ளுக்குள் புகைந்து நெடுநேரத்தின் பின்னரே பற்றக்கூடும். ஒரே அச்சில் கல்லும் மரம் தேய்க்கும் பெல்ற்றும் இருந்தால் இந்த ஆபத்தை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக் கூட்டித் துடைக்க வேண்டும். இப்போது கிறைண்டர் கதவோரத்திலும் சாண்டர் எதிர்ச் சுவரோரத்திலும் இருக்கின்றன.

கிறைண்டரை வாங்கும்போது கல்லைக் கழற்றித் தரச்சொல்லிக் கேட்டது கடைக்காரருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். வெடிப்பு இருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த வகை மோட்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2950 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது 150 மி.மீ. கல்லின் விளிம்பு செக்கனுக்கு 23 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வெடித்த கல் அந்த வேகத்தில் சிதறினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கல்லைப் பூட்டும் இடப்பக்கச் சுரை (நட்) எதிர்த்திசையில் கழலும் என்பதை மறந்து, கடையிலேயே இருவரும் சேர்ந்து அதை இன்னும் இறுக்கினோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதல் வாரம் ஏமாற்றமாகவே இருந்தது. மேசையில் வைத்த தேநீர்க் கோப்பை நடந்து போகும் அளவுக்கு இயந்திரம் அதிர்ந்தது. மலிவான கிறைண்டர்களில் கல்லை இறுக்கும் வட்டத் தகடுகள் தகரத்தில் அழுத்தி எடுத்தவை. அவை நேராக அமர்வதில்லை. சுரையைத் தளர்த்தி, தகட்டை அப்படியே வைத்துக் கல்லை மட்டும் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கி ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவையில் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. மிச்சத்தை வைரமுனை பொருத்திய கட்டையால் கல்லின் முகத்தைச் சீவிச் சரிசெய்தேன். கல்லின் இரு பக்கமும் இருக்கும் தடித்த கடதாசி வட்டங்களை எக்காரணம் கொண்டும் எறியக்கூடாது. தகட்டின் அழுத்தத்தைக் கல்லின் மேல் சமமாகப் பரப்புபவை அவையே.

கருவியைத் தாங்கும் முன்தட்டும் மெல்லிய தகரந்தான். உளியை அழுத்தினால் வளைந்தது. அதை எறிந்துவிட்டு, ஒட்டுவேலை செய்பவரிடம் எல் வடிவ இரும்பில் ஒன்று செய்வித்தேன். கல்லுக்கும் தட்டுக்கும் இடையில் 3 மி.மீ. மேல் இடைவெளி விடுவதில்லை. கல் தேயத் தேயத் தட்டை முன்னே தள்ளிக்கொடுக்க வேண்டும். இல்லையெனில் சிறிய அலகு இடுக்கில் இழுபட்டுப் போகும். கிறைண்டருக்கு முன்னால் கண்ணாடி இல்லாமலோ, கையுறையோடோ, சாரம் கட்டிக்கொண்டோ நிற்பதில்லை என்பதும் அப்போதே ஏற்பட்ட விதி.

இரண்டாம் வாரத்தில் நல்ல உளி ஒன்றின் வாயை எரித்தேன். அலகு நீலமாக மாறினால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசைத் தொட்டு வன்மையை இழந்துவிட்டது என்று பொருள். நீலம் படிந்த பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால்தான் உளியின் கூர் மீண்டும் நிற்கும். எனக்கு 4 மி.மீ. நீளம் வீணானது. இப்போது இரண்டு செக்கனுக்கொருமுறை தண்ணீரில் தோய்க்கிறேன். கல்லில் வடிவத்தை மட்டும் எடுத்துவிட்டு, கடைசிக் கூர்மையை அப்பப்பாவின் சாணைக்கல்லிலேயே ஏற்றுகிறேன்.

சாண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேப்பம் பலகையில் ஒரு தொட்டில் செய்தேன். ஓடும் நிலையில் அதன் விசையைப் பூட்டிவிட்டால் மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தானாகவே ஓடத் தொடங்கும். ஆகவே சுவரில் தனி ஆளி பொருத்தியிருக்கிறேன். 60 தரத்தில் வடிவம், 120 தரத்தில் மினுக்கல், பின்னர் கையால் 240. முன் உருளையின் வளைவில் பிடித்தால் விரல் பதியும் பள்ளமும் அழகாக வருகிறது. ஒரு மாலை எடுத்த கத்திப்பிடி இப்போது நாற்பது நிமிடத்தில் முடிகிறது. பனந்தூள் மட்டும் கழுத்தெல்லாம் அரிக்கிறது. முகமூடி இல்லாமல் ஒருநாள் செய்துவிட்டு இரண்டு நாள் இருமினேன்.

கிறைண்டருடன் வந்த 36, 60 தரச் சாம்பல் கற்களில் 36ஐ நான் தொடுவதேயில்லை. அதன் இடத்தில், உருக்கை அதிகம் சூடேற்றாமல் தீட்டும் 80 தர வெள்ளைக் கல்லொன்றைக் கொழும்பு போகும் மைத்துனரிடம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். துளை 12.7 மி.மீ. என்று துண்டில் எழுதி, அவருடைய பணப்பைக்குள் நானே வைத்துவிட்டேன்.